ஆறே முக்கால் அடி

முத்துமணி கடப்பாரையை முதல் தடவை இறக்கியபோது, உள்ளே இறந்தவருக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரல் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. வாசல் தூணின் சிமெண்டுப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

"மையித்து உள்ள இருக்கும்போது இடிக்கச் சொல்லுதியளே ம்மா, பெரியவங்க ஏச மாட்டாவளா?" என்று கொத்தனார் கையை நிறுத்திக் கேட்டார்.

"ஏசுனா என்னயத்தான் ஏசுவாஹ. மத்தியானம் லுஹருக்கு எடுத்துருவாஹ. அதுக்கு முன்ன இந்தத் தூணும் ரெண்டடிச் சுவரும் போயிரணும்" என்றாள் கதவுக்குப் பின்னால் நின்ற லுப்னா.

உள்ளே கிடந்தவர் அவளுடைய வாப்பா. ஊருக்கு வாவு காக்கா. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து ஒளுச் செய்யப் போனவர், குழாயடியிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அறுபத்துநாலு வயது.

கடப்பாரைச் சத்தம் கேட்டு லுப்னாவின் கணவன் ரியாஸ் ஓடி வந்தான். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா? ஊரே வந்து உக்காந்திருக்கு."

"வாப்பா வாங்குன போட்டு வருது."

ரியாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தெருவில் நாற்காலி போடுகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

காலை ஒன்பது மணிக்கே வாப்பாவின் போன் அடித்திருந்தது. தூத்துக்குடியில் ஃபைபர் படகு செய்யும் கிருபாநிதி. ட்ரெய்லரில் ஏற்றியாகிவிட்டது, இரண்டு மணிக்கு வாசலில் நிற்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எடுத்தது யாரென்றுகூடக் கேட்கவில்லை. லுப்னா "சரி" என்று சொல்லி வைத்தாள். மௌத்துச் செய்தியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் படகு வராது.

முப்பத்தொரு வருஷம் வளைகுடாத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவருக்குத் தண்ணீரைக் கண்டாலே அலுத்துப் போயிருக்க வேண்டும். வாவு காக்காவுக்கு அலுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் சொந்தமாக ஒரு படகு வேண்டும் என்றார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற அளவில் இருக்க வேண்டும். படுக்கச் சின்னதாய் ஓர் அறை, ஓர் அடுப்பு, பத்து நாளைக்குத் தண்ணீர், முழங்கால் ஆழத்திலும் மிதக்கிற தட்டையான அடிப்பாகம். கோதாவரிக் கழிமுகம், சில்கா ஏரி என்று ரோடு எங்கே முடிகிறதோ அங்கே இறக்கிவிட்டு, பத்து நாள் கரையேறாமல் சுற்ற வேண்டும். நாலு வருஷமாகத் தேடினார். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள். ஒன்று கனம், ஜீப் இழுக்காது. ஒன்று லேசு, காற்றுக்கு நிற்காது. ஒன்றில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் எட்டடி அகலத்தில் ஒன்று பிடித்துப்போனது. அதை வீட்டு முற்றத்தில்தான் நிறுத்த வேண்டும்.

வாசலோ ஆறே முக்கால் அடி.

அந்த ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு சகோதரிக்குப் போகும். கல்யாணமானால் மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டை மகளுக்கு எழுதிவைக்க வேண்டும். வாவு காக்காவும் லுப்னாவின் நிக்காஹ் அன்று எழுதிக்கொடுத்துவிட்டார். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். வீடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

லுப்னா சொல்லிவிட்டாள்.

தூணை எடுத்துக் கொஞ்சம் அகட்டினால் போதும் என்று அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தெருவில் போகிறவர்கள் கண்ணெல்லாம் வீட்டுக்குள் விழும் என்றாள். திரை போட்டுக்கொள்ளலாமே என்றார். பேச்சு வளர்ந்தது. "வீடு என் பேர்ல இருக்கு வாப்பா" என்று சொல்லிவிட்டாள்.

அவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். மறுநாள் தூத்துக்குடிக்குப் போய் வந்து, "போட்டு முடிவாயிட்டு, அடுத்த வியாழக்கிழமை வருது" என்றார். அத்தனை சொல்லியும் எட்டடிப் படகையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தி வம்பு பண்ணப் போகிறார் என்று லுப்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாள் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைப்பாள், போய்விடுவாள். இப்போது அந்தப் பத்து நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தன.

லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் தூண் சாய்ந்தது. மையித்தைக் கிடத்திய சந்தூக்கை எடுக்க ஆட்கள் எழுந்ததும் முத்துமணி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து ஒதுங்கி நின்றார். தூக்கியவர்கள் இடிபாடுகளை ஒட்டி நடந்து போனார்கள். சந்தூக்குக்குப் பழைய வாசலே போதுமாயிருந்தது. பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். கலிமாச் சத்தம் தெரு முனை திரும்பித் தேய்ந்தது.

இரண்டே காலுக்கு ஜீப் வந்தது. கிருபாநிதி இறங்கி, நாற்காலிகளையும் குவிந்து கிடந்த செருப்புகளையும் பார்த்தார். யாரோ சொன்னார்கள். அவர் தலையில் கைவைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"தெரிஞ்சிருந்தா இன்னைக்குக் கொண்டாந்திருக்க மாட்டேனே ம்மா."

லுப்னா அவருக்குப் பின்னால் இருந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக, சின்னதாக இருந்தது.

"இது எட்டடியா?"

"இல்லம்மா, ஆறடி. எட்டடியத்தான் மொதல்ல சொன்னாவ. பெறவு நேர்லயே வந்து வேண்டாம்னுட்டாவ. மக வீட்டு வாசல் ஆறே முக்கால், சுவர்ல ஒரு கீறல் விழாம உள்ள போவணும்னாவ. இது எங்கிட்ட தயாரா கெடந்துச்சு."

"படுக்குறதுக்கு ரூம்பு?"

"இதுல எங்க ரூம்பு? மேல தார்ப்பாய்தான். தண்ணி ரெண்டு நாளைக்குத்தான் கொள்ளும். நீங்க சொல்லுத தூரத்துக்கெல்லாம் இது ஆவாது அண்ணாச்சின்னு நானே சொன்னேன். பக்கத்துல புன்னக்காயல் வரைக்கும் போயிட்டு ராத்திரிச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவேன்னு சிரிச்சாவ."

லுப்னா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டிரைவர் இறங்கி வந்து வாசலை இப்படியும் அப்படியும் பார்த்தான். "அண்ணாச்சி, வண்டி உள்ள போவாது. எடம் தாராளமா கெடக்கு. இந்தக் கல்லு மேலதான் டயர் ஏறாது."

உள்ளறையிலிருந்து உம்மா பதுருன்னிஸாவின் குரல் வந்தது. கணவனை இழந்து இத்தா இருக்கிறவள். இனி நாலு மாதம் பத்து நாள் அந்த அறையை விட்டு வாசலுக்கு வரமாட்டாள்.

"ஏளா லுப்னா, போட்டு வந்துட்டா?"

"வந்துட்டு உம்மா."

"சுவரு இடிச்சது போதுமா? உள்ள போவுமா?"

"போதும் உம்மா. சரியா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். நீ இடிச்சது அவஹளுக்குத் தெரிஞ்சிருக்கும்ளா."

லுப்னா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கிக் குனிந்தாள். முத்துமணி பதறிப்போய், "நீங்க விடுங்க ம்மா, நான் அள்ளிப் போடுதேன்" என்றார். அவள் விடவில்லை. உடைந்த கற்களைத் தெருவோரம் எறிந்துவிட்டு, முழுசாக இருந்த செங்கற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துடைத்து, சுவரை ஒட்டி அடுக்கத் தொடங்கினாள்.