தோல் கோட்டைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

கைலாசபுரத்தில் ரெங்கம்மாளின் சம்பந்தி வீட்டு ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. சுபஸ்ரீ பிளஸ் டூ படித்தபோது ஃபார்முலா எழுதிப் பார்ப்பதற்காக வாங்கி மாட்டியது. அவள் படித்து முடித்து, கனடா போய், கூட வேலை பார்த்த கலையரசனைக் கட்டிக்கொண்டு குடித்தனமும் நடத்த ஆரம்பித்துவிட்டாள். பலகை மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை. அவள் அப்பா மாசிலாமணிக்கு ஆலையில் பிளானிங் செக்‌ஷன். எதையாவது திட்டம் போடாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

அடுத்த மாதம் அவரும், அவர் மனைவி வசந்தகோகிலமும், கலையரசனின் அம்மா ரெங்கம்மாளும் ஒன்றாகக் கனடாவுக்குப் பறக்கிறார்கள். எந்த நாள் எங்கே போவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டுமென்று மாசிலாமணி கூப்பிட்டிருந்தார். ரெங்கம்மாள் அரியமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். டீப்பாயின் மேல் சாய்த்து வைத்த டேப்லெட்டில் கலையரசனும் சுபஸ்ரீயும் தெரிந்தார்கள். இங்கே சாயங்காலம், அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான்.

பலகையில் நயாகரா ஏறியது. முருகன் கோயில் ஏறியது. வசந்தகோகிலத்தின் சித்தி மகள் வீடு ஏறியது. செவ்வாய்க்கிழமைக்கு நேரே ‘பெரிய மால்’ என்று எழுதிவிட்டு, மார்க்கரை மூடியபடி மாசிலாமணி மரியாதைக்குக் கேட்டார்.

“சம்பந்தியம்மா, நீங்க ஒண்ணுமே சொல்லலையே. உங்களுக்கு என்ன பாக்கணும்?”

இப்படிக் கேட்டால் “உங்க இஷ்டம்” என்று சொல்ல வேண்டும். அதுதான் ஊர் வழக்கம். ரெங்கம்மாளுக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும்.

“அந்தத் தோல் கோட்டையப் பாக்கணுங்க” என்றாள்.

டேப்லெட்டுக்குள் கலையரசன் நெளிந்தது இங்கேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் சுபஸ்ரீ ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே உட்கார்ந்து, காட்டு ஜனங்களிடம் மென்மயிர்த் தோல் வாங்கிக் கப்பலேற்றியதாம். பீவர் என்று ஒரு பிராணியாம், பார்த்தால் பெருச்சாளிக்குப் பெரியப்பா போல இருக்கிறது. அதன் மயிருக்காகச் சீமையே அடித்துக்கொண்டதாம். போட்டோவில் பின்னால், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலை அந்தக் காலத்து உடுப்பில் ஒரு பொம்பளை குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி டிக்கெட் வாங்கிய குடும்பங்கள், தோளில் குழந்தைகள், கையில் ஐஸ்கிரீம்.

ரெங்கம்மாள் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். அந்த முதுகின் வளைவு அவளுடைய முதுகு. அந்த இரண்டு கைப்பிடிக் கத்தி அவளுடைய கத்தி.

புருஷன் செத்தபோது கலையரசன் மூன்றாம் வகுப்பு. அன்றைக்குத் தோல் பதனிடுகிற ஷாப்புக்குள் போனவள், பையன் வேலைக்குப் போன பிறகுதான் வெளியே வந்தாள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலைக் கட்டை மேல் போட்டு, மழுங்கல் கத்தியால் முடியை வழிக்கிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள். அதே வேலையை அங்கே டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள், ஜனம் நின்று பார்க்கிறது! ரெங்கம்மாளுக்கு ஆசை வந்தது. ஆசையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணம் பேசும்போது கலையரசன் மாமனார் மாமியாரிடம், “அம்மா லெதர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்தாங்க” என்று சொல்லிவைத்திருந்தான். சுபஸ்ரீக்கு உண்மை தெரியும். பெரியவர்களுக்குத்தான் ஆபீஸ். ரெங்கம்மாளும் பையன் வாழ்க்கை என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் விசாவுக்காகச் சென்னைக்குப் போனபோது கைரேகை மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. சுண்ணாம்பு தின்று தீர்த்த விரல், ரேகை எங்கிருந்து விழும்? துடைத்து வை, அழுத்தி வை என்று கவுண்டரில் இருந்த பெண் அலுத்துப்போய், “என்னம்மா வேலை பாத்தீங்க?” என்று கேட்டது. ரெங்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் வசந்தகோகிலம் முந்திக்கொண்டாள். “ஆபீஸ் வேலைதாங்க. பாத்திரம் தேச்சுத் தேச்சு இப்படி ஆயிருக்கும்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்றைக்கு ஊர் திரும்புகிற வரைக்கும் ரெங்கம்மாள் சோற்றைத் தொடவில்லை.

“தோல் கோட்டையா?” வசந்தகோகிலம் சிரித்தாள். “அவ்வளவு தூரம் போயி செத்த தோலயா பாக்கறது? மால்ல ஏசி இருக்கு, உள்ளேயே ரயில் ஓடுதாம்.”

“அம்மா, அங்க ஒண்ணும் இல்லம்மா” என்றான் கலையரசன். “பழைய மரக் கொட்டகை. நாலு தோலு தொங்கும். அவ்வளவுதான்.”

“அந்த நாலு தோலத்தான் பாக்கணும்.”

“அம்மாவுக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம், மாமா. நீங்க மால்னே போடுங்க.”

ஆபீஸ். வாய் கூசாமல் சொன்னான். ரெங்கம்மாள் கடித்த முறுக்கைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“அரசு,” என்று மகனைக் கூப்பிட்டாள். “எந்த ஆபீஸ்டா?”

“அம்மா…”

“உங்க மாமா கேக்குறாருல்ல, எனக்கு அங்க என்ன பாக்கணும்னு. ஏன் பாக்கணும்னு நீ சொல்லு.”

“அப்புறம் பேசலாம்மா. தனியா கூப்பிடுறேன்.”

“தனியா நாம எம்புட்டோ பேசியாச்சு.”

மாசிலாமணி மார்க்கரைத் திறந்தார், மூடினார். அவருடைய எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு கட்டம் வந்ததில்லை. “நானே அந்தப் பெரிய மால எடுத்துடறேன், சம்பந்தியம்மா. இதுல என்ன இருக்கு?” என்றார்.

“நீங்க எடுக்க வேணாங்க. அவன் சொல்லட்டும், அப்புறம் எடுங்க.” ரெங்கம்மாள் டேப்லெட்டை நோக்கி நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு நேரே விரித்தாள். திரையில் மகனுக்கு அவள் முகம் மறைந்து விரல்கள் மட்டும் தெரிந்திருக்கும். “நல்லாப் பாத்துக்க. சென்னையில மெஷினுக்கே இது யாரோட கைன்னு தெரியல. உனக்குத் தெரியும். நானே சொல்லிடுவேன், ஒரு நிமிஷம் ஆகாது. சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். இல்லேன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணு. ஆபீஸ்காரி எவளையாவது கூட்டிட்டு வந்து நயாகராவக் காட்டு.”

விரித்த கையை அவள் இறக்கவில்லை. அவன் சொல்லாமல் போனை வைத்துவிட்டால் பேரன் பேத்தி பிறந்தாலும் இனி வீடியோவில்தான். அது தெரிந்துதான் விரித்தாள்.

திரையில் சுபஸ்ரீ புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். கலையரசன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினான்.

“மாமா,” என்றான். “அம்மா ஆபீஸ்ல இல்ல. தோல் ஷாப்புல முடி வழிச்சாங்க. நான் வேலைக்குப் போற வரைக்கும். அந்தக் கோட்டையில ஒரு அம்மா அதே வேலையச் செஞ்சு காட்டுறாங்க. போட்டோ அனுப்பினப்பவே எனக்குத் தெரியும், அம்மா கேப்பாங்கன்னு. நான்தான் ஆபீஸ்னு சொல்லி மறைச்சுட்டேன்.”

வசந்தகோகிலம் ரெங்கம்மாளின் கைகளைப் பார்த்தாள். பிறகு, இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த முறுக்குத் தட்டைப் பார்த்தாள். மடியில் கிடந்த அவள் கை முறுக்குக்கு நீளாமல் அங்கேயே நின்றுவிட்டது.

ரெங்கம்மாள் அதையும் பார்த்தாள். கேமராவிலிருந்து கையை எடுத்து, அதே தட்டில், நிதானமாக, நடுவில் கிடந்த பெரிய முறுக்காகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

“நல்ல மொறுமொறுன்னு இருக்குங்க, சம்பந்தியம்மா. நீங்களும் எடுத்துக்கங்க” என்றாள்.

பிறகு எழுந்து போய் மாசிலாமணியிடம் மார்க்கரைக் கேட்டு வாங்கினாள். ‘பெரிய மால்’ என்பதைக் குறுக்கே அடித்துவிட்டு, அதன் மேலேயே எழுதினாள். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிசாக இருந்தது.

“செவ்வாக்கிழமை, தோல் கோட்டை” என்று வாசித்துக் காட்டினாள். “அரசு, உன் ஆபீஸ் ஆளுங்களையும் வரச் சொல்லு. அந்தம்மா கத்தியக் கொஞ்ச நேரம் வாங்கிக் குடு. உங்கம்மா என்ன வேலை பாத்தான்னு எல்லாரும் பாக்கட்டும்.”