நாலு இடத்தில் ஈரம்

ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தபடி, எஞ்சினின் வயிற்றுக்கு முகப்பவுடர் பூசிக்கொண்டிருந்தாள் தையல்காரி. ஷெட்டை ஒட்டிய அறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அவள் கணவரால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"கொட்டாத. தட்டு. கல்யாணப் பொண்ணுக்குப் போடுற மாதிரி."

"எனக்கு அப்படி யாரு போட்டுவிட்டாங்களாம்? பேசாம படுங்க."

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி நேற்றுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீரே இறங்காத தொண்டைக்குப் பிடித்ததை எங்கே கொடுப்பது? காலையில் அவராகவே கேட்டார். "அந்த ஆயில் எங்கேருந்துதான் வருதுன்னு பாத்துச் சொல்லிடேன். தெரியாமப் போனா மனசு ஆறாது." அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அதற்கும் பிறகு, எங்கிருந்துதான் வருகிறது என்று அவளுக்குமே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அவர் எலக்ட்ரீஷியன். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது, தன்னைவிட வயதில் மூத்த இந்த ஜீப்பை ஆசைப்பட்டு எடுத்துவந்தார். வேலைக்குப் போனதெல்லாம் இதில்தான். வந்து கொஞ்ச நாளிலேயே ஆயில் ஒழுக ஆரம்பித்தது. பின்பக்க ரப்பர் சீல் ஒன்றை மாற்றினார், முன்பக்கம் ஒழுகியது. முன்பக்கத்தை இறுக்கினார், பக்கவாட்டு மூடியில் கசிந்தது. தலைவலி போய்த் திருகுவலி. மெக்கானிக்குகளைக் கேட்டால், "வயசானா யாருக்குத்தான் ஒழுகல?" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பவுடர் அவள் யோசனை. தையல் மிஷின் எண்ணெய் துணியில் சொட்டினால் பவுடரைத் தூவுவாள். கறை எங்கே தொடங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். எப்போதோ இதை அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். இன்று சொன்னபோது சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஷெட் வாசலில் வந்து நின்றாள் மகள். "அம்மா, அப்பா இருக்குற நெலமையில இது தேவையா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். வந்து ஆயில் தொடைக்கவா போறாங்க? நீ போய் அப்பா பக்கத்துல உக்காரு."

அடியிலிருந்து வெளியே வந்து வண்டியைக் கிளப்பினாள். எஞ்சின் இரண்டு தடவை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். டார்ச்சோடு மறுபடி அடியில் நுழைந்தவள் அப்படியே கிடந்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"நாலு இடத்துல ஈரம். முன்னாடி, பின்னாடி, பக்கத்து மூடி. ஆயில் அளக்குற கம்பியைக்கூட மேல தள்ளியிருக்கு."

"நாலுமா? ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துலதான்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மௌனம். அவள் பதறி எழுவதற்குள் குரல் வந்தது. பல நாளாகக் கேட்காத பழைய குரல்.

"அப்ப சீல் மேல தப்பில்ல. உள்ள காத்து அடைபட்டு நிக்குது. மூச்சு விட வழியில்லாம, கெடைச்ச சந்துல எல்லாம் ஆயிலைத் தள்ளுது. அடியே, பக்கத்து மூடியிலருந்து சின்னதா ஒரு குழாய் போகும் பாரு."

"போகுது. நடுவுல குட்டியா ஒரு அடைப்பான் இருக்கு. அதுலேருந்து ஒரு கம்பி மேல ஏறுது."

"கம்பியை விடாத. எங்க போய் முடியுதுன்னு பாரு."

துணியில் இழுபட்ட ஒரே ஒரு நூலைத் தேடிப் போகிற மாதிரி விரலாலேயே தடவிக்கொண்டு போனாள். கம்பி டிரைவர் இருக்கைக்கு முன்னால் ஒரு கறுப்புக் குமிழில் போய் முடிந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன குமிழ். இது எதற்கு என்று ஆரம்பத்தில் அவள் கேட்டபோது, பட்டாளத்துக்காரன் தொப்பி மாட்ட வைத்திருப்பான் என்றார். இவர் அதில் மாட்டியது தன் கருவிப் பையை. சுத்தியலும் குறடும் நிறைந்த பை, வண்டி போன குண்டு குழியெல்லாம் தொங்கித் தொங்கி ஆடி, குமிழை ஒரு விரல் நீளத்துக்கு வெளியே இழுத்துவைத்திருந்தது. இப்போதும் அங்கேதான் தொங்கியது.

"ஒரு குமிழ்ல முடியுது. வெளிய இழுத்தா அந்த அடைப்பான் மூடிக்குது போல!"

"மூச்சு வுடுற வழியை எதுக்குடா மூடி வெப்பான்?" உள்ளே அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். "ஆ! ஆறு! பட்டாள வண்டி ஆத்துல எறங்கும்ல? உள்ள தண்ணி பூந்துடாம மூடிக்கணும். கரையேறினதும் தொறந்து விட்டுடணும். அதை எவனோ தொறக்காம விட்டுட்டான். எந்தப் புண்ணியவான்னு தெரியலியே!"

மகள் ஓடிவந்தாள். குமிழையும் பையையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்தாள். "சொல்லாதம்மா. பட்டாளத்துக்காரன்தான் மூடினான்னு சொல்லிடு. இந்த நேரத்துல போய்..."

தையல்காரி பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல கனம். இவ்வளவு காலம் கூடவே வாழ்ந்தவளிடம் கடைசியாகக் கேட்பது ஒரே ஒரு பதில். அதிலுமா கலப்படம்? ஆனால் கேட்டுவிட்டு மனம் உடைந்துபோனால்? உடைந்து போகிறவரா அவர் என்றும் யோசித்தாள். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"புண்ணியவான் நீங்கதான்," என்று பையைத் தூக்கிக் காட்டினாள். "இதை மாட்டி மாட்டி இழுத்து வெச்சிருக்கீங்க."

அவர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு. மார்புக்கூடு குலுங்கி, கண்ணில் நீர் வழிந்தது.

"அது மூக்கை நானே பிடிச்சுக்கிட்டு, ஏன்டா வாயால ஒழுகுறேன்னு ஊரெல்லாம் கேட்டிருக்கேன்." மூச்சு வாங்கியது. "போ. குமிழை உள்ள தள்ளிட்டு ஓட்டிப் பாரு. ஒழுக்கு நின்னுச்சா இல்லியான்னு வந்து சொல்லு."

நாலு இடத்தையும் துடைத்துப் புதிதாகப் பவுடர் தட்டினாள். குமிழை உள்ளே தள்ளினாள். துருப்பிடித்த கம்பி முரண்டு பிடித்துவிட்டு இறங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது, எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகுதான் "அம்மா" என்பது கேட்டது.

பிறகு வீடு நிறைந்துவிட்டது. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள், அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்காலி போட இடம் வேண்டுமென்று நாலு பேராக ஜீப்பைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்காலி கொண்டுவந்தவர் வாசலில் நின்று கேட்டார்.

"இந்த வண்டி ஆயில் விடுமாமே? ஜனங்க மிதிச்சு வழுக்கிடப் போறாங்க. கீழ எதாச்சும் வெக்கட்டுங்களா?"

அவள் எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. தெருவுக்குப் போய் வெறும் தரையில் படுத்து, ஜீப்புக்கு அடியில் நுழைந்தாள்.

"ஐயோ, பாவம், தாங்க முடியல அவளுக்கு," என்றது ஒரு குரல். இரண்டு பெண்கள் அவள் காலைப் பிடித்து இழுக்க வந்தார்கள். மகள் குனிந்தாள்.

"அம்மா, எழுந்திரும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"இரு," என்றாள் தையல்காரி. கண்ணை இடுக்கி மேலே பார்த்தாள்.

"முன்னாடி காஞ்சிருக்கு," என்றாள், வீட்டுக்குள் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. "பக்கத்து மூடியும் காஞ்சிருக்கு. பின்னாடியும் பாத்துட்டு வந்துடறேன்."