கீழ் மூலைச் சுருக்கம்

பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகியும் சுரோசோ தன் மனைவியிடம் எதையும் கேட்டதில்லை. ஊட்டினால் சாப்பிட்டார், திருப்பிப் படுக்க வைத்தால் படுத்தார். வலது கையும் காலும் போனதோடு ஆசைகளும் போய்விட்டன என்றே ருமியாத்தி நினைத்திருந்தாள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் அவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வாய் திறந்ததும், துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரும், அலமாரி மேல ஒரு சுருள் கெடக்குல்ல, அந்த ரயில் கேட்டு படம். அத எடுத்து எதிர்ச் சுவத்துல மாட்டு."

வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் சொற்கள் குழறித்தான் வந்தன. ஆனால் அவளுக்குப் புரிந்தது.

"ஒன்பது வருஷமா அது மேல தூசியும் பல்லி எச்சமும். இப்ப என்ன திடீர்னு?"

"சுவத்தையே பாத்துக்கிட்டு கெடக்கேன். அந்த ஈரக் கறை இருக்கே, ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தெரியுது. நேத்து உங்க மாமா மாதிரி இருந்துச்சு."

ருமியாத்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. அவள் பல்கலைக்கழகப் பக்கம் மாணவர் விடுதிகளுக்கு நடுவே இருந்த ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். காலை ஏழிலிருந்து நாலு மணி வரை நின்றபடியே சட்டை, ஜீன்ஸ், படுக்கை விரிப்பு. வீட்டுக்கு வந்ததும் அவருக்குக் குளியல், சோறு, மலம், மூத்திரம். மகள் தொலைவில் பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி அழுவாள். அந்த அழுகையைத் தேற்றுவதும் ருமியாத்தியின் வேலைதான்.

ஆனாலும் கேட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் முதன்முறையாகக் கேட்டவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

படச்சட்டம் செய்யும் வாகிமின் என்பவர் மூன்று வீடு தள்ளி இருந்தார். சுரோசோ நன்றாக இருந்த காலத்தில் அவர் வரைந்த படங்களுக்கெல்லாம் கட்டை அறுத்துக் கொடுத்தவர் அவர்தான். மறுநாள் சேதி கேட்டதும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னப்பா சுரோசோ, படுத்துக்கிட்டே கண்காட்சி வைக்கப் போறியாம்! வாசல்ல டிக்கெட் விக்க என்னை வச்சிக்க."

"முதல்ல நேரா அறுக்கக் கத்துக்க. போன தடவ நீ குடுத்த கட்டை வாழைப்பழம் மாதிரி இருந்துச்சு" என்றார் சுரோசோ.

வாகிமின் ருமியாத்தியைத் திரும்பிப் பார்த்தார். "பேசறானே!"

"நேத்துல இருந்து" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று காலையிலேயே சுருளை இறக்கித் தூசி தட்டி, அவருடைய கட்டில் கிடந்த முன்னறைத் தரையில் துவைத்த விரிப்பைப் போட்டு, ஜன்னல் வெயில் படும்படி கான்வாஸைப் பிரித்து வைத்தாள். குளிர்ச்சியாக இருக்கும்போது பிரித்தால் வர்ணம் வெடிக்கும் என்று படுக்கையிலிருந்து கட்டளை வந்தது. வர்ணம் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்டியிருந்ததால் அவ்வளவாக உதிரவில்லை. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். மோட்டார் சைக்கிள்காரர்கள், தோஃபு விற்கும் தள்ளுவண்டி, பள்ளிக்கூடப் பெண்கள், குழந்தையை இடுப்பில் கட்டிய தாய். கீழ் மூலையில் சைக்கிள் ஒன்றின் பின்னால் கூடை நிறைய வாத்துகள்.

"எனக்கு இந்தப் படம் எப்பவுமே பிடிச்சதில்ல, தெரியுமா மாஸ்" என்றாள். அந்த ஊர் வழக்கப்படி அவள் கணவரை மாஸ் என்றுதான் கூப்பிடுவாள். "எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்காங்க. பாத்தா எனக்கே கால் கடுக்குது."

"ரயில் வந்தா போயிடுவாங்க."

"உங்க ரயில் ஒன்பது வருஷமா வரல."

மத்தியானம் வாகிமின் நாலு கட்டைகளோடும் நடுவே தாங்கும் குறுக்குக் கட்டையோடும் வந்தார். மூலைகளைக் கோத்து, ஒரு கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்தார். கான்வாஸைக் குப்புறப் போட்டுச் சட்டத்தை அதன்மேல் வைத்ததும் ருமியாத்தியின் கையில் அகன்ற வாய்க் குறடைக் கொடுத்தார்.

"நீங்க இழுங்க, நான் ஸ்டேப்ளர் பின் அடிக்கிறேன்."

"நடுவுலேர்ந்து!" என்றார் சுரோசோ. "ஒரு பக்கம் நடுவுல ஒண்ணு. அதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மூலைக்கு ஓடாத."

"வாத்தியார் தொல்லை தாங்கல" என்றார் வாகிமின்.

ருமியாத்தி முழங்காலிட்டுக் குறடால் துணி ஓரத்தைக் கவ்விக் கட்டைமேல் வளைத்து இழுத்தாள். டப்பென்று பின் இறங்கியது. எதிர்ப்பக்கம் போய் இழுத்தாள். டப். இழுக்கும்போது தோள்பட்டையில் பழைய வலி எழுந்தது. இஸ்திரிப் பெட்டி தந்த வலி. நாலு பக்கமும் நடுவில் அடித்த பிறகு கை அகல இடைவெளி விட்டு ஓரங்களை நோக்கி நகர்ந்தார்கள். தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும் என்றார் சுரோசோ. அவள் தட்டினாள். ஏதோ சத்தம் வந்தது.

மூன்று மூலைகளை மடித்து முடித்திருந்தபோது வாகிமினின் மனைவி வாசலில் வந்து, சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று அவரை அழைத்தாள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று அவர் கிளம்பினார். கடைசி மூலையை ருமியாத்தி தனியாகவே செய்தாள். ஒரு கையால் குறடு, மறு கையால் பின் அடிக்கும் துப்பாக்கி, துணி நழுவாமலிருக்க முழங்கால். அடித்து முடித்ததும் அந்த விரிப்பின் மேலேயே சற்று நேரம் படுத்துக்கொண்டாள்.

வெயில் சாயும்போது வாகிமின் வந்து சுவரில் துளை போட்டார். சிமென்ட் பூச்சு உதிர்ந்து, துளையைவிடப் பள்ளம் பெரிதாகியது. கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் போட்டு, பிளாஸ்டிக் ஆணிக்கூட்டைச் செருகி, இரண்டு திருகுகளை முடுக்கினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி மாட்டினார்கள். ஈரக் கறை மறைந்தது.

சுரோசோ நெடுநேரம் பார்த்தார். ருமியாத்தி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலது பக்கம், கீழ் மூலை" என்றார். "சுருக்கம்."

வாத்துக் கூடையின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு தொய்வு இருந்தது.

"அதுக்கு மூலையில ஆப்பு வைக்கணும், கட்டை விலகித் துணி இறுகிடும். கடையிலயே மறந்துட்டேன், நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றார் வாகிமின்.

"சுருங்குனா சுருங்கட்டும். வாத்து என்ன கோர்ட்டுக்கா போகப் போகுது?" என்று சொல்லிவிட்டு ருமியாத்தி உலை வைக்கப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு வாகிமின் எட்டு மர ஆப்புகளைக் கட்டிலருகே மேசையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து தட்டித் தருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அது ருமியாத்திக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று லாண்டரியில் இரண்டு பெண்கள் வேலைக்கு வரவில்லை. மூவரின் துணிக்கும் அவளே இஸ்திரி போட்டாள். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து பையை வைக்கும்போது கட்டில் காலியாக இருந்தது.

பிறகு பார்த்தாள். படத்துக்குக் கீழே தரையில், சுவரில் சாய்ந்து, கால் ஒரு பக்கமாக விரிந்தபடி சுரோசோ உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல் கவிழ்ந்து கிடந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில் வாங்கியது. அவர் தொட மாட்டேன் என்றதால் துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்ட கோல். இடது கையில் தண்ணீர் குடிக்கும் எனாமல் குவளை. அதன் அடி நசுங்கியிருந்தது.

"பாரு" என்றார். முகத்தின் பாதி சிரித்தது. "சுருக்கம் போச்சு."

அவள் முதலில் அவருடைய தலையைத் தடவிப் பார்த்தாள். இடுப்பை, முழங்காலை, கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். எங்கும் வலி இல்லை என்றார். கட்டிலிலிருந்து சுவர் வரை எட்டு அடி. நடந்திருக்கிறார். படத்தின் கீழ் விளிம்பைத் தோளால் நெம்பி, பின்னால் கைவிட்டு, மூலையின் பிளவில் ஆப்பை வைத்துக் குவளையால் தட்டியிருக்கிறார். திரும்பும்போதுதான் விழுந்தாராம்.

"எப்ப விழுந்தீங்க?"

"பாங்கு சத்தம் கேட்டுச்சு. மத்தியானம்."

எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"நடக்க முடியுமா உன்னால?"

முப்பது வருடத்தில் அவரை நீ என்று அவள் சொன்னதே இல்லை. சுரோசோவின் சிரிப்பு நின்றது.

"அஞ்சு மாசம் உன் பீயள்ளினேன். ஒரு அடி எடுத்து வையுங்கன்னு கும்பிட்டேன். பயிற்சி சொல்லித்தர வந்த பொண்ணை, மூஞ்சியத் திருப்பிக்கிட்டே அனுப்புன. உன்னைத் தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. கக்கூஸுக்கு வராத காலு, வாத்துக்கு வருதா? எனக்காக வராதது ஒரு சுருக்கத்துக்காக வருதா?"

அவள் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தாள். அழலாம் என்று நினைத்தாள். அழுகையும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ தெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சமைக்க வேண்டும், அவரைக் கழுவ வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் எழுந்திருக்கவில்லை.

உள்ளே போனபோது அவர் அப்படியே இருந்தார்.

"பயம், ரும்" என்றார். "வாதம் வந்த அன்னைக்குக் குளியலறையில விழுந்தேன்ல. ஒவ்வொரு தடவ கால ஊணும்போதும் அந்தத் தரை ஏறி வர்ற மாதிரி இருக்கும். இன்னைக்குப் பயப்படணுங்கறது மறந்து போச்சு. காலையிலேர்ந்து அந்தச் சுருக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் பயந்தனா இல்லயான்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

அவர் தலை குனிந்தார். "கேக்கல."

"எந்திரிங்க" என்றாள். "நான் தூக்க மாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கைகள் தானாக நீளாமலிருக்க அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அவர் ஊன்றுகோலை இழுத்தார், சரிந்தார், மறுபடி முயன்றார். பிட்டத்தால் தேய்த்துக்கொண்டே கட்டில் வரை போய், விளிம்பைப் பிடித்து, நல்ல காலை மடக்கி, உன்னினார். இரண்டு முறை பாதியில் விழுந்தார். முகமெல்லாம் வேர்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சண்டைக்கோழி மாதிரி மூச்சு வாங்கினார். அவள் மாற்றுச் சாரத்தை எடுத்து அவருடைய மடியில் போட்டாள். ஒரு கையாலேயே அவர் அதைச் சுற்றி முடிக்கும்போது அவள் நாற்காலியிலேயே தூங்கியிருந்தாள்.

வாகிமினின் குரலில் விழித்தாள். மீதி ஆப்புகளைத் தட்ட வந்திருந்தவர், படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எவன்டா ஒரே மூலையில ஆப்ப இந்த இறுக்கு இறுக்குனது? சட்டமே கோணிப் போச்சு. மேல் மூலையில பாரு, இப்ப அங்க தொங்குது!"

"அவர்தான்" என்றாள் ருமியாத்தி.

வாகிமின் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கழட்டி மறுபடி செய்யணும். ஞாயித்துக்கெழம பாப்போமா?" என்றார்.

அன்றிலிருந்து காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் சுரோசோ குளியலறை வரை நடந்தார். இரண்டு நாள் நடந்தார், இரண்டு நாள் பாதியில் நின்று திட்டினார். ஒரு நாள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். அவள் கதவருகே நின்றாள், தொடவில்லை. அவரே மொண்டு ஊற்றிக்கொண்ட தண்ணீர் முழுவதும் தரையில்தான் கொட்டியது. அதையும் அவள்தான் துடைத்தாள். வேலை குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் முதுகு கொஞ்சம் ஆறியது. வியாழக்கிழமை அவர், "உனக்கு இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவள் பழக்கமில்லாமல் விழித்து, "துணி நெறைய" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாகிமின் குறடோடு வந்தபோது வீடு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கட்டிலில் சுவரோரமாக ருமியாத்தி வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சுரோசோ விளிம்பில் உட்கார்ந்து, உதட்டின் மேல் விரலை வைத்து, "அப்புறம் வா" என்பது போல இடது கையை ஆட்டினார். காலை மணி பதினொன்று.