முதலாளி நடந்த வாரம்

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. முதல் பல் முளைத்தாலும், முதல் சொல் வந்தாலும், முதல் அடி வைத்தாலும் பெற்றவர்களிடம் நாங்கள் மூச்சு விடக்கூடாது. வீட்டில் அவர்களே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்பார் மேனேஜரம்மா. அவருக்கென்ன, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவார். ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது நான்தானே.

முதலாளி திங்கட்கிழமையே நடந்துவிட்டான். பாயில் உட்கார்ந்தபடி விரலை நீட்டி நீட்டி என்னை வேலை வாங்குவதால் அவனுக்கு அந்தப் பெயர். செருப்பு அலமாரியைப் பிடித்து எழுந்தவன், கையை விட்டுவிட்டு மூன்று அடி வைத்து என் மடியில் விழுந்தான். சட்டென்று பிடித்து உட்கார வைத்தேன்.

அவன் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அம்மா வங்கியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். காலையில் தூங்குகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள், வேலை முடிந்து வந்து தூங்கிப்போனவனைத் தூக்கிக்கொண்டு போவாள். பல்லையும் தவறவிட்டாள், 'அம்மா'வையும் தவறவிட்டாள். "நடக்கிறதையாவது நான் முதல்ல பாக்கணும்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். தினமும் கேட்பாள், "நடந்தானா?" என்று. "இன்னும் இல்லம்மா" என்பேன்.

அவளுக்காகத்தான் அந்த வாரம் முழுக்க அவனோடு மல்லுக்கட்டினேன். எழுந்தால் உட்கார வைப்பேன். கிண்ணம், கரண்டி, என் சாவிக்கொத்து என்று எதையாவது கையில் திணிப்பேன். கொஞ்சம் கண்ணசந்தால் போதும், பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருப்பான். மற்ற பிள்ளைகளுக்கு ஊட்டி, துணி மாற்றி, நடுநடுவே இவனுக்காகக் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. பிள்ளையை நடக்கப் பழக்கி அலுத்தவர்கள் உண்டு. நடக்க விடாமல் வைத்திருந்து அலுத்தவள் நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். வாசலிலேயே மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். "வாடா தங்கம்!"

பெற்றவர்கள் கூப்பிடும்போது நாங்கள் பிள்ளைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அதுவும் சட்டம்தான். அசதியில் நான் அவளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டேன். முதலாளி எழுந்தான். தடுமாறாமல் நடந்தான். விரித்த கைகளைச் சுற்றிக்கொண்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

"அட, நடந்துட்டானே!" என்று கத்தினேன். அந்த நடிப்பு எனக்கே சகிக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பக்கா நடந்தான்?"

"இப்பதாம்மா..."

"இது முதல் தடவை நடக்கிற நடையா? மழுப்பாதீங்க."

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை, அலமாரி, மூன்று அடி, என் மடி. மேனேஜரம்மாவிடம் போவாள், என் வேலைக்கு உலை வைப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிச்சானா?"

"இருக்கிற ரெண்டு பல்லும் தெரியச் சிரிச்சான்."

"கை தட்டினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொன்ன பொய்யோடு அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். வாய் வரவில்லை.

"இல்லம்மா. நீங்கதான் முதல்ல பாக்கணும்னு பிடிச்சு உக்கார வெச்சுட்டேன். வாரம் பூரா அதைத்தான் செஞ்சேன்."

என் காலைக் கட்டிக்கொண்டிருந்தவனையே அவள் பார்த்தாள். முகம் கோணியது, ஆனால் அழவில்லை.

"பாவம், யாருமே தட்டலையா" என்றாள். "நான் இல்லாட்டி என்னக்கா... நீங்க இருந்தீங்கல்ல."