வெள்ளிக்கிழமை சூப்பு

பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரருக்கு ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப்பின் மேல் பொறாமை வருமா? நம்ம நாக்கு மாஸ்டருக்கு வந்தது. சும்மா வரவில்லை, வயிறு பற்றி எரிகிற அளவுக்கு வந்தது.

நுனி நாக்கில் ஒரு சொட்டு பட்டால் போதும், வெங்காயத்தை எந்தப் பதத்தில் இறக்கினார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். நாளெல்லாம் சூட்டில் நின்றுவிட்டு வருகிறாளே என்று பகல் வேலை முடிந்து வந்து இரவுச் சமையலை அவரே செய்வார். ஊரே காசு கொடுத்துச் சாப்பிடுகிற கை, அவளுக்கு மட்டும் இலவசம். அந்தத் தலைக்கனமும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

வெள்ளிக்கிழமை ஆனால் மட்டும் அவள் தாமதமாக வருவாள். "பசியே இல்லைங்க" என்பாள். மூன்று நாள் யோசித்து அவர் செய்து வைத்த பதார்த்தத்தை நாலு வாய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு சலவைக் கடை வாசலுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

அவள் வெளியே வந்தாள். தெருமுனையில் இருந்த சின்ன சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள். இவர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மூலை மேஜை. தனியாகத்தான் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் முக்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் தன் வீட்டு மேஜையில் பார்த்ததே இல்லை.

எதிரே வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தால்கூட என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பார். உருளைக்கிழங்கை எங்கே பிடிப்பது? விறுவிறுவென்று உள்ளே போய் அவள் எதிரில் உட்கார்ந்தார். அவளுக்குப் புரையேறிவிட்டது.

"எனக்கும் அதே கொண்டுவாங்க" என்றார், மனைவியின் கிண்ணத்தைக் காட்டி.

கடைக்கார அம்மாள் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மனசுக்குள் ஒரு குதி குதித்தார்.

"கிழங்கு வேகவே இல்ல."

"ஆமா" என்றாள் மனைவி.

"மிளகு போன வருஷத்து மிளகு. உப்பு போட்டாங்களா இல்லையான்னே தெரியல."

"கம்மிதான்."

"தெரிஞ்சேதான் சாப்பிடுறியா?"

"தெரிஞ்சேதான்."

"இதுக்குத்தான் வாரம் தவறாம வர்றியா? என் சமையல்ல அப்படி என்ன குறை கண்டே? சொல்லித் தொலையேன்!" பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

கடைக்கார அம்மாள் இன்னும் ரெண்டு துண்டு ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு இவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள்.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "வெச்சாங்க, போயிட்டாங்க."

"அதனால?"

"வீட்டுல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பக்கத்துல வந்து நின்னுடுறீங்க. எப்படி இருக்குன்னு கேப்பீங்க. நல்லா இருக்குன்னா, எது நல்லா இருக்குன்னு கேப்பீங்க. முதல்ல என்ன ருசி வந்துச்சு, அப்புறம் என்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. நான் பரீட்சை எழுதறேனா, சாப்பிடறேனா? வாரத்துல ஒரு நாள் வாயை வெச்சுக்கிட்டு சும்மா சாப்பிடணும்போல இருக்குங்க."

மாஸ்டர் கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டார். அந்தக் கேடுகெட்ட சூப்பை முழுவதும் குடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவரே உருளைக்கிழங்கு சூப்பு வைத்தார். எப்படித் தெரியுமா? கிழங்கைப் பாதி வேக்காட்டில் இறக்கினார், பழைய மிளகைத் தேடிப் பிடித்துத் தூவினார், உப்பைப் பேருக்குக் கிள்ளிப் போட்டார். ஹோட்டலில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பொறாமை மனுஷனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார், ரொட்டியை வைத்தார், திரும்பிப் பார்க்காமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அங்கே போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார். எப்படி இருக்கு என்ற கேள்வி தொண்டையில் நின்றுகொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் பாடாய்ப் படுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டார். மேஜைப் பக்கமிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"என்னங்க, உப்பு கம்மி."

அவ்வளவுதான், மாஸ்டர் ஈரக் கையோடு ஓடிவந்தார். "அங்க மட்டும் உப்பில்லாம இறங்குதுல்ல? அங்க ஒரு நாளாவது அந்தம்மாகிட்ட இப்படிச் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"எங்கிட்டயும்தான் இத்தனை வருஷமா ஒரு குறை சொன்னதில்ல. இன்னிக்கு மட்டும் என்ன?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நீங்கதான் கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, நல்லா இருக்குன்னு சொல்லி முடிச்சிடுவேன். இன்னிக்கு நீங்க கேக்கல. எனக்கே சொல்லணும்போல இருந்துச்சு."

மாஸ்டர் உப்பு டப்பாவை எடுத்துவந்து வைத்தார். அவளே கிள்ளிப் போட்டுக்கொண்டாள். கலக்கினாள். ஒரு வாய் குடித்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை நான் அங்கதான் போவேன்" என்றாள்.

மறுபடியும் வயிறு எரிந்தது. "போ" என்றார்.

அவள் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தையும் குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினாள்.