மல்லாந்த தேளின் இடப்பக்கம்

ஸ்பிரிட்டில் போட்ட தேள் உடனே செத்துவிடாது. வாலை வளைத்துக் கண்ணாடியைக் கொட்டும். நடுவில் கண்ணாடி இருக்கிறது என்று தெரிந்தும் நம் விரல் பின்னால் போகும். அப்புறம் எட்டுக் காலும் பின்னிக்கொண்டு துடிக்கும், முன்னாலிருக்கிற கவ்வி இரண்டும் விரிந்து மூடும், அடங்கும். தேள் தன்னையே கொட்டிக்கொண்டு சாகும் என்று சொல்கிறார்களே, அது பொய். முந்நூறுக்கு மேல் கொன்றிருக்கிறேன், ஒன்றுகூடத் தன்னைக் கொட்டிக்கொண்டதில்லை. சாகிற நேரத்திலும் எதிரில் இருப்பதைத்தான் கொட்டும். நியாயமும் அதுதான்.

அன்றைக்குப் போட்டது ஆண். மூன்று வருஷமாகத் தேடியது. அதே இனத்தில் பெண் நாலு முன்பே கிடைத்திருந்தது. ஆணைப் பார்க்காமல் இது புது இனம் என்று எழுத மாட்டேன் என்று தேளம்மா பிடிவாதமாக இருந்தாள். தேளம்மா என்றால் சாமி இல்லை, ஆராய்ச்சிக்காரி. எலும்பும் தோலுமாக ஒரு பெண், மூக்கில் நிற்காத கண்ணாடி. பேர் வைத்தது தெருக்காரர்கள். நான் கல்லுடைத்துப் பிழைத்தவன். இடுப்பு போனபிறகு வீட்டில் கிடந்தேன். கல்லைப் புரட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தாள். ஒரு பூச்சிக்குப் பேர் வைக்க இத்தனை பாடா, இது விஷம் விற்கிற கூட்டம்தான் என்று முதல் மாசம் முழுக்க அவளை ஒளிந்து நின்று கவனித்தேன். அவள் விற்றது ஒன்றுமில்லை. எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆணைப் பிடிக்கும்போது கல் நழுவி அதன் பின்னங்கால் ஒன்று முறிந்துபோனது. முழுசாக இல்லாவிட்டால் மதிப்பு இருக்காது என்று நினைத்தேன். அது செத்ததும் வெளியே எடுத்து, சாதாரணத் தேள் ஒன்றின் காலைப் பசை வைத்து ஒட்டிவிட்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இடுக்கியால் அந்தக் காலைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள்.

“ஐயா, இது யாரு காலு?”

“அதோட காலுதான்.”

“இல்ல. இது பக்கத்து வீட்டுக்காரன் காலு. இப்படியே எழுதி அனுப்பியிருந்தா, உலகத்துல இருக்கிற தேள்காரங்க அத்தன பேரும் என்னக் காறித் துப்பியிருப்பாங்க.”

“மொண்டியா இருந்தா எவன் மதிப்பான்?”

“ஒடஞ்சிருந்தா ஒடஞ்சதுன்னு எழுதுவேன். அதுக்கு முன்னாடியே பட்ட காயம் இருந்தா அதையும் எழுதுவேன். அழகு பாக்கிற வேலையில்ல இது.”

தேளின் வயிற்றடியில் சீப்பு மாதிரி இரண்டு உறுப்பு உண்டு. ஒவ்வொரு சீப்பிலும் எத்தனை பல் என்பதை வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். அவள் ஒரு தரம் எண்ணுவாள், நான் ஒரு தரம் எண்ணுவேன், இரண்டும் ஒத்தால் எழுதுவாள். எண்ணுவதற்குத் தேளை மல்லாக்கப் போட வேண்டும். மல்லாக்கப் போட்டால் எனக்கு இடப்பக்கம் இருப்பது தேளுக்கு வலப்பக்கம். எழுத்தில் தேளுக்கு எது இடதோ அதுதான் இடது. முதல் வருஷம் பூரா மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினேன். பிறகு மண்டையில் ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. எதைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் என்று வாய் தானாகத் திருப்பிச் சொல்லும்.

அந்த ஆணை எழுதி முடிக்கிற வாரத்தில் என் மகள் வந்து சேர்ந்தாள். வந்தாள் என்று சொல்லக் கூடாது. அவள் தெருக்காரி ஒருத்தி கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவன். சக்கரம் கழற்றுகிற இரும்பால் முதுகில் போட்டிருக்கிறான். உட்கார முடியவில்லை, நிமிர்ந்து படுக்க முடியவில்லை, குப்புறக் கிடந்தாள். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, ஓரம் மஞ்சளாக வீங்கியிருந்தது. மூச்சு விடும்போது அந்த இடம் மட்டும் தனியாக ஏறி இறங்கியது. இதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான். மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் அனுசரித்துப் போ என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு விலா முறிந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். டாக்டர் கையெழுத்தைப் படிக்கிற அளவுக்கு என் படிப்பு இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைத் திறந்தார்.

“எந்தப் பக்கம் அடி?”

கட்டிலில் அவள் குப்புறக் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. என் இடது கைப் பக்கம் இருந்தது அந்தக் கறுப்பு. வாய் திருப்பிவிட்டது.

“வலது.”

எழுதினார். கீழே என் பெயரைக் கிறுக்கச் சொன்னார், கிறுக்கினேன். பிறகு சீட்டைப் பிரித்தார்.

“இதுல இடதுன்னு இருக்கு.”

குப்புறக் கிடக்கிறவளுக்கு எனக்கு எது இடதோ அதுதான் இடது. அப்போதுதான் உறைத்தது. தேளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து மேஜைக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

“பெரியவரே, மாப்பிள்ள மேல கோவம்னா அத வேற எடத்துல காட்டுங்க. அப்பனும் மகளும் பேசி ஏதாவது ஒரு பக்கமா முடிவு பண்ணிட்டு வாங்க” என்று காகிதத்தைத் தள்ளிவிட்டார்.

அங்கிருந்தே யாரோ மாப்பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் வந்தான். தேய்த்த சட்டை, வழித்த முகம், பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

“என்ன மாமா, எந்தப் பக்கம்னு முடிவாச்சா?”

என்னைத் தாண்டி உள்ளே போனான். கட்டிலில் கிடந்தவளின் மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். அவள் கத்தவில்லை. விலா முறிந்தவளுக்குக் கத்த மூச்சு ஏது? அந்தச் சத்தமில்லாமல் திறந்த வாயைப் பார்த்ததும் கதவோரம் நின்ற கடப்பாரை என் கையில் இருந்தது. தலைக்குத்தான் ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கம், கல்குழியில் ஆள் நசுங்கின நாட்களில் கேட்டது. அவன் முட்டி போட்டு விழுந்தான். முன்கை நடுவில் இன்னொரு மூட்டு முளைத்த மாதிரி மடங்கித் தொங்கியது. மறுபடியும் ஓங்கினேன். மகள் தரையில் ஊர்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். என்னைக் காப்பாற்றவா அவனைக் காப்பாற்றவா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

போகும்போது வாசலில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, “நீ உள்ள போவ. அவ என் வீட்டுக்கு வருவா. பாத்துக்கிட்டே இரு” என்றான்.

அவன் கை முறிந்ததற்குச் சீட்டு இருந்தது, சாட்சி இருந்தது, பக்கமும் சரியாக இருந்தது. மூன்று நாளில் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்று அன்றைக்கே எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் மகள் பட்டதெல்லாம் ஓட்டையில்லாமல் எழுத்தில் போகாவிட்டால் அவன் சொன்னதுதான் நடக்கும்.

மறுநாள் தேளம்மா வந்தாள். நான் சொல்லி அனுப்பவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வராத ஆளைத் திட்டத்தான் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய், கேமரா, இரும்பு ஸ்கேல், கோடு போட்ட நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். “நீங்க வெளிய இருங்க, பேசாதீங்க” என்றாள். மகளை ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்க வைத்தாள். நான் வாசலில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

தேளுக்கு எழுதுகிற மாதிரியேதான். மேலிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். பிடரியில் மயிர் பிடுங்கின இடம், இத்தனை மில்லிமீட்டர். அவளுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே கோடு, நீளம் இவ்வளவு, நிறம் ஊதா. அவளுடைய இடது விலா, வீக்கம், அகலம் இவ்வளவு. சிகரெட் சுட்ட வடு மூன்று, ஆறினது. எப்போது? போன வருஷம். அது எனக்குத் தெரியாது. இவ்வளவும் ஒரு உடம்பில் இருந்ததா என்று இருந்தது.

“கையில இது?”

மகளின் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது.

“பழசா இருக்கே. வெள்ளையா, கொக்கி மாதிரி வளைஞ்சு. இது எப்போ?”

“அது அவரு இல்ல.”

“பின்ன யாரு?”

“அப்பா. எனக்கு ஒம்பது வயசு. பெல்ட்ட அம்மாவுக்கு ஓங்கினாரு. நான் நடுவுல போயிட்டேன்.”

உள்ளே பேனா நின்றது. தெருவில் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பெண்டாட்டி செத்துப் பதினொரு வருஷமாகிறது. பெல்ட்டை எப்போது தூக்கிப் போட்டேன் என்று ஞாபகமில்லை.

“எழுதவா?” என்றாள் தேளம்மா. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

எழுதினால் ஸ்டேஷனில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பன் அடிச்சா வளர்ப்பு, புருஷன் அடிச்சா கேஸா? மாப்பிள்ளையின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கிழித்துப் போடுவான். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வேணாம்னுதான் சொல்வாரு” என்றாள் மகள், குரலை உயர்த்தாமல். “மூணு தரம் அனுசரிச்சுப் போன்னு அனுப்பினீங்களே, எத அனுசரிக்கச் சொன்னீங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதாப்பா?”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“எழுதும்மா” என்றேன் தேளம்மாவிடம். “யாருன்னும் சேத்து எழுது.”

எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, “போட்டோ எடுக்கணும். எனக்குக் கை பத்தல. உள்ள வாங்க, ஸ்கேலப் பிடிங்க” என்றாள்.

மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு கையை மட்டும் நீட்டியிருந்தாள். வடு நான் நினைத்ததைவிடப் பெரிசு. கை வளர வளர அதுவும் கூடவே வளர்ந்திருக்கிறது. ஸ்கேலைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“இன்னும் கிட்ட. தோல்ல படணும்.”

பட வைத்தேன். தேளம்மா கேமராவைக் கண்ணில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

“ஆடுது ஐயா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினேன். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரும்பு பட்ட இடத்தைச் சுற்றி அவள் கையில் ரோமம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. வடுவின் மேல் மட்டும் ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது.