பெஞ்சுக்கு ஒரு சொல்

பெனிட்டோ மாமாவைப் பார்த்ததும் சில்வியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிறு பூசையில் சாமியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், சிரிக்கிற நேரமல்ல. கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவதுபோல் சமாளித்தாள். இரண்டாவது பெஞ்சில் தூணோரமாக, இரண்டு ஆள் இடத்தை ஒரே ஆளாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பெனிட்டோ. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் கடை அவருடையது. அவர் எழுந்தால் பெஞ்சு ஒரு பெருமூச்சு விடும். அந்த மனிதர் மேல் சில்வியா அன்று மாட்டிவிட்ட ஆங்கிலச் சொல் ‘காண்ட்’. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவனைச் சொல்கிற சொல் அது. பொருத்தம் எப்படி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

சில்வியா தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் நர்ஸ். அயர்லாந்துக்குப் போய் வேலை பார்க்க ஆசை. அதற்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். முதல் தடவை எழுதியபோது பேச்சில் தேறிவிட்டாள், வாசிப்பில் கவிழ்ந்தாள். கடினமான சொற்கள் வரிசைகட்டி வந்து நின்றால் அவளுக்கு மண்டை காய்ந்துவிடும். கூட வேலை பார்க்கும் அஜீசுன்னிசாதான் ஒரு வழி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் தன் மகளின் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துவந்து நீட்டினாள். “மருந்து பேரு மாதிரி நெட்டுரு போடாத சில்வியா. கதையில படி. சொல்லு தானா வந்து ஒட்டிக்கும்.”

இளவட்டப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை அது. குளிர்ந்த தீவு ஒன்று. கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும்போதெல்லாம் ஊரில் யாரோ ஒருவர் எதையோ ஒன்றை இழந்துவிடுவார். ஒருவனுக்குச் சதை போகும், ஒருத்திக்குக் குரல் போகும், இன்னொருவருக்கு மனசில் இருந்ததெல்லாம் போகும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அது ஏன் என்று தேடிக்கொண்டு அலைவாள். சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம்தானே என்று அலட்சியமாக எடுத்தவளை அது விடவில்லை. கடினமான சொல் ஒன்று ஒரு பக்கத்தில் தலைகாட்டும், நாலு பக்கம் தள்ளி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வரும், அதற்குள் அர்த்தம் பிடிபட்டுவிடும்.

பிடிபட்டது மறக்காமலிருக்கத்தான் கோயில் பெஞ்சு. அவர்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்காருமிடம் உண்டு. எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மாறி உட்கார்ந்தால் முறைப்பார்கள். கண்ணை மூடினாலும் யார் எங்கே என்று சில்வியாவுக்குத் தெரியும். அதனால் இடத்துக்கு ஒரு சொல்லாக மாட்டிவைத்தாள். அதிலும் ஒரு குறும்பு. ஆளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சொல்லாகப் பார்த்து மாட்டினாள். சிரிப்பு வந்தால் மறக்காது என்று அவளாகக் கண்டுபிடித்த தந்திரம். அவளுடைய மாமியார் ரோசி பாடகர் குழுவில் மைக்கே வேண்டாமென்று பாடுகிறவள். தெருமுனையில் போகிற வண்டிக்காரனை மாடியிலிருந்து ஒரே அதட்டலில் நிறுத்துகிற தொண்டை. அவள் இடத்தில் ‘மியூட்’, வாயில்லாதவள். நான்காவது பெஞ்சு அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் எந்த வருஷம் எதை ஏற்றி வந்தது என்று கேட்காமலே சொல்லுவார். அவர் இடத்தில் ‘வேகன்ட்’, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பார்வை.

“இன்னாம்மே, மந்திரம் கணக்கா மொணமொணன்னு இன்னாத்த ஓதிக்கினு கீற?” என்று ரோசி கேட்பாள். “பூசைக்கு வர்சொல்லயாவது அத்த வூட்ல வச்சிட்டு வாயேன்.”

சில்வியா சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். தந்திரம் நன்றாகவே பலித்தது. மாதிரித் தேர்வில் சொற்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தன. அயர்லாந்து பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

தவக்காலம் வந்தபோது பெனிட்டோவின் சட்டை தொளதொளத்தது. நோன்பு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். ஈஸ்டர் முடிந்தும் அவர் இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டியது. கண் உள்ளே போனது. சர்க்கரை, அதுவும் வெகுநாளாகக் கவனிக்காத சர்க்கரை என்றார்கள். சில்வியாவே ரத்தம் எடுத்தாள். கையில் நரம்பு தேட வேண்டியிருக்கவில்லை, தோலுக்கு மேலேயே கிடந்தது. ஊசியைச் சொருகும்போது ‘காண்ட்’ என்ற சொல் கேட்காமலே அவள் நாக்கில் வந்து உட்கார்ந்தது. பெனிட்டோ படுக்கையில் விழுந்து கோயிலுக்கு வராத ஞாயிறுகளிலும் தூணோரத்து வெற்றிடத்தில் அந்தச் சொல் இருந்தது. அதைப் பார்க்காமல் பீடத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பிறகு ரோசிக்குத் தொண்டை கட்டியது. கஷாயம், மிளகுப்பால், நீராவி எதற்கும் விடவில்லை. குரல்நாணில் கட்டி என்று எடுத்தார்கள். எடுத்த பிறகும் குரல் வரவில்லை. வீட்டில் இப்போது டம்ளரைத் தட்டித்தான் கூப்பிடுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் யாரோ வாசலில். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கிற தெருவில், அந்த ஒரு குரல் இல்லாமல் வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது. சண்டைக்கார மாமியார் வாய் ஓய்ந்தால் மருமகளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். சில்வியாவுக்கு அழுகைதான் வந்தது. ரோசி சாப்பிடும்போது அவளையே பார்ப்பாள். ‘நீ என்னமோ பண்ணிட்டே’ என்று அந்தப் பார்வை சொல்கிறதோ என்று சில்வியா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

அப்போதும் தற்செயல் என்றே நினைத்தாள். நர்ஸ் அல்லவா, நோய் எப்படி வரும் என்று படித்தவள் அல்லவா. அம்புரோஸ்தான் அந்த நம்பிக்கையை உடைத்தார். பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின் கோயில் வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சில்வியா “வரேன் மாமா” என்றாள். அவர் கண்கள் அவள்மேல் பட்டு, நிற்காமல், அவளைத் தாண்டிப் போயின.

“நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” என்றார் பணிவாக. “எங்க வூடு எந்தப் பக்கம்னு கொஞ்சம் சொல்றியா?”

அவர் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டாள். திரும்பும்போது ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஏனென்றால், நாலாவதாக ஒரு சொல்லையும் மாட்டியிருந்தாள். அதை மாட்டியது மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், தன் மகள் மாயாவின் இடத்தில்.

மாயாவுக்கு ஆறு வயது. பூசை முழுக்க காலை ஆட்டுவாள், முன்பெஞ்சை உதைப்பாள், மண்டியிடும் பலகையில் ஏறிக் குதிப்பாள். உடம்பில் எலும்புக்குப் பதில் ஸ்பிரிங் வைத்துப் பிறந்தவள் என்பாள் ரோசி, குரல் இருந்த காலத்தில். அவளுக்கு என்று சில்வியா சிரித்துச் சிரித்துத் தேர்ந்த சொல் ‘இனர்ட்’. அசைவற்றது. தானாக நகராதது. கதையில் பனிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பையனைப் பற்றி வரும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி தான்தான் என்று சில்வியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

புத்தகத்தை மூடி அஜீசுன்னிசாவிடமே கொடுத்துவிட்டாள். படித்த சொல்லை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? மறக்க முயன்றால் இன்னும் ஆழமாக இறங்கியது. அதற்கு மேல் நல்ல சொல்லாக, ‘ரெசிலியன்ட்’ என்று, அடித்தாலும் நிமிர்ந்து நிற்கிற சொல்லாக மாட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. மாயாவுக்கு அது உண்மையாகவே பொருந்தியது, அதில் சிரிப்பு இல்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க மாயா அசையவில்லை. கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். பின்பெஞ்சுக்காரி ஒருத்தி குனிந்து, குழந்தைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பாராட்டினாள். சில்வியா மகளின் தொடையைக் கிள்ளினாள். மாயா மெல்ல, வெகு மெல்லத் தலையைத் திருப்பி, யார் என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் ஜெரால்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறிக் கன்டெய்னர்களைக் கம்பிபோட்டுக் கட்டும் வேலை அவனுக்கு. இறுக்கிக் கட்டினால் எதுவும் நகராது என்று நம்புகிறவன்.

“சக்கர வந்தா ஒடம்பு எறங்கத்தான் செய்யும். எங்கம்மா காலம் பூரா கத்திக்கினே இருந்துச்சு, தொண்ட இன்னா இரும்பா? அம்புரோசு மாமாவுக்கு வயசாயிப் போச்சு. பரீட்சப் பயம் உன்னிய பேஜார் பண்ணுது, அவ்ளோதான்.” அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தான். “அப்டியும் டவுட்டுன்னா எடத்த மாத்திக் குந்துங்க. பெஞ்சு இன்னா நம்ம அப்பன் வூட்டு சொத்தா?”

இவ்வளவு எளிதா என்றிருந்தது அவளுக்கு. அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் ஆறாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்த குடும்பம் முறைத்தது, முறைத்தால் முறைக்கட்டும். பிரசங்கம் தொடங்குவதற்குள் மாயா முன்பெஞ்சை உதைக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் சில்வியாவுக்குப் பாட்டாக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

காலியான இடம் காலியாகவே இருக்குமா? நாகர்கோவில் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்த ஜெஸ்லின், கணவன் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவள், இடம் தெரியாமல் நடுவழியில் நின்றாள். பிறகு மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் தன் சின்ன மகளை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். மேலே ஃபேன் இருந்தது. குழந்தை ரிப்பனை அவிழ்த்து ஃபேன் காற்றில் பறக்கவிட்டு விளையாடியது. சில்வியா பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்வது, இங்கே ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது என்றா? தன் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிறாள் என்ற ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பூசை பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம் ரிப்பன் அவிழவில்லை. பூசை முடிந்து கைகழுவும் குழாயடியில் ஜெஸ்லினே பேச்சுக் கொடுத்தாள்.

“ஒரு எடத்துல இருக்க மாட்டா க்கா. இந்தக் கோயிலுக்கு வந்த பொறவு எப்பிடி அடங்கிட்டா பாத்தியளா? வீட்டுலயும் அப்பிடித்தான். வச்ச எடத்துல இருக்கா. சாப்பிடத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்கு.”

அவள் இடுப்பில் குழந்தை சாக்குப்போல் தொங்கியது. கண் திறந்திருந்தது. குழாயிலிருந்து தெறித்த தண்ணீர் அதன் முகத்தில் பட்டு வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை. சில்வியா “காய்ச்சல் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் தன் பிள்ளை என்னவாகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மாயா கட்டிலிலிருந்து குதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமும் அருவருப்பும் ஒன்றாக வந்தன. ஹால் டிக்கெட் வந்துவிட்டது, அடுத்த வாரம் சனிக்கிழமை பரீட்சை என்று ஜெரால்ட் போனில் காட்டினான். எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு கோயிலில் கூட்டம். ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஜெஸ்லினின் மகள் அதே இடத்தில், யாரோ வைத்துவிட்டுப் போன பையைப்போல, இருந்தாள். இரண்டாம் வாசகம் நடந்துகொண்டிருந்தபோது சில்வியா எழுந்தாள். ஜெரால்ட் கையைப் பிடித்தான், உதறிவிட்டு நடுவழியே நடந்தாள்.

“அக்கா, எழுந்திருங்க. இது எங்க எடம்.”

ஜெஸ்லினின் முகம் சுருங்கியது. “ரெண்டு மூணு வாரமா நாங்கதான இங்க இருக்கோம். அங்க எடம் இருக்க, பிள்ளைய எழுப்பிட்டு இங்க வருவியளோ?”

“எங்க எடம்” என்றாள் சில்வியா மறுபடியும். குரல் உயர்ந்துவிட்டது. வாசகம் வாசித்தவர் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். சுற்றிலும் தலைகள் திரும்பின. இத்தனை கேவலமாக அவள் யாரிடமும் நடந்துகொண்டதில்லை. ஜெஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைத் தூக்கித் தோளில் போட்டு, நின்றவர்களிடையே ஒதுங்கினாள். ஓரமாக நின்ற கிழவர் ஒருவர் காலியான இடத்தைப் பார்த்து நகர்ந்து வந்தார். யோசிக்க நேரமில்லை. சில்வியா சட்டென்று அங்கே உட்கார்ந்தாள்.

பலகையில் இன்னும் குழந்தைச் சூடு இருந்தது. ஃபேன் காற்று உச்சந்தலையில் இறங்கியது. ஜெஸ்லினின் தோளில் கிடந்த சின்னக் கை மெதுவாக எழுந்து, அம்மாவின் காதுத் தொங்கட்டானைத் தேடிப் பிடித்தது. அதைப் பார்த்ததும் சில்வியாவுக்கு மூச்சு வந்தது. ஜெஸ்லின் தன்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள்.

அல்லேலூயா தொடங்கியது. கோயில் முழுக்க ஒரே அசைவாக எழுந்து நின்றது. முன்னாலும் பக்கத்திலும் சேலைகளும் சட்டைகளும் உயர்ந்து பீடத்தை மறைத்தன. நற்செய்தி, எழ வேண்டும். சில்வியா எழுவதற்காக முன்பெஞ்சைப் பிடிக்கக் கையை நீட்ட நினைத்தாள். கை மடியிலேயே கிடந்தது.

அதற்குள் முதுகுகளுக்கு நடுவே நுழைந்து மாயா ஓடிவந்துவிட்டாள். “எய்ந்திரும்மா, எல்லாரும் நிக்கிறாங்க” என்று கிசுகிசுத்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கைகளாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, முன்பெஞ்சில் ஒரு காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.